லிப் பிளஷ் படிக்கக் கேட்கும் மகளுக்கு, காசு கட்டுவதற்கு முன்

வணக்கம் அம்மா,

உயர்தரம் எழுதி முடித்த மகள், வெட்டுப்புள்ளி வரும்வரை காத்திருக்க மனமில்லாமல் லிப் பிளஷ் படிக்க நிற்பதாக எழுதியிருந்தீர்கள். கொழும்பில் மூன்று நாள் வகுப்பு, கையோடு மெஷின், சுவரில் மாட்ட ஒரு சர்வதேசச் சான்றிதழ். "இதெல்லாம் ஒரு தொழிலா? பச்சை குத்துற வேலைதானே?" என்பது உங்கள் கேள்வி. தொழில்தான். பச்சை குத்துகிற வேலையும்தான். எங்கள் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: பிள்ளையை மறிக்க வேண்டாம், அந்த மூன்று நாள் வகுப்புக்கு இப்போது காசு கட்டவும் வேண்டாம்.

உதட்டின் மேல்தோலுக்குச் சற்றுக் கீழே, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த ஆழத்தில், நிறமியைப் புள்ளி புள்ளியாக ஊசியால் வைப்பதுதான் லிப் பிளஷ். மெஷின் ஒரு தடித்த பேனா அளவு இருக்கும். முனையில் ஒரு தடவை மட்டும் பாவிக்கும் கார்ட்ரிட்ஜ், அதற்குள் பெரும்பாலும் 0.30 அல்லது 0.35 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒற்றை ஊசி. வைத்த நிறம் ஒன்று முதல் மூன்று வருடம் நின்று மெல்ல மங்கும். முழுதாகப் போய்விடும் என்று எவரும் வாக்குக் கொடுக்கக் கூடாது, சிலருக்கு ஒரு சாயல் நின்றுவிடும்.

ஒரு ஆளுக்கு முதல் அமர்வு இரண்டரை, மூன்று மணித்தியாலம் பிடிக்கும். விசாரித்து, படம் எடுத்து, உதட்டு எல்லையைப் பென்சிலால் வரையவே முக்கால் மணி போய்விடும். பிறகு வலி தெரியாமலிருக்க விறைப்பு கிரீம் பூசி 15, 20 நிமிடம். ஊசி வேலை ஒன்று, ஒன்றரை மணி. ஒரு நாளைக்கு இரண்டு பேருக்கு மேல் எடுத்தால் கை தளரும், கை தளர்ந்தால் ஆழம் பிசகும். "ஒரு நாளைக்கு இத்தனை பேர், மாதம் இவ்வளவு வருமானம்" என்று வகுப்புக்காரர் போட்டுக் காட்டும் கணக்கை இந்த இடத்தில் வைத்துச் சரிபாருங்கள்.

இனி, மூன்று நாளில் ஏன் இது வராது என்பதற்கு வருவோம்.

பயிற்சிப் படங்களில் பெரும்பாலும் இருப்பது வெளிறிய இளஞ்சிவப்பு உதடு. அதன்மேல் ரோஸ் நிறம் வைத்தால் ரோஸாகவே ஆறும். திருகோணமலையில் பிள்ளை முன்னால் வந்து இருக்கப் போகும் உதடு அப்படியல்ல. எங்கள் ஆட்களின் உதடு பழுப்பு, ஊதா கலந்த பழுப்பு. மேலுதடு ஒரு நிறம், கீழுதடு இன்னொரு நிறம், ஓரத்தில் கரு வளையம். நிறமி என்பது லிப்ஸ்டிக் போல மேலே மூடுவதில்லை. தோலின் சொந்த நிறத்தினூடாகத்தான் தெரியும். ஆகவே ஊதாக் கருமைமேல் நேரடியாகக் குளிர்ந்த ரோஸை வைத்தால், ஆறியபின் கிடைப்பது சாம்பல் பூசிய ஊதா. வாடிக்கையாளர் அழுதுகொண்டு திரும்பி வருவது பெரும்பாலும் இதனால்தான்.

இதற்கு வழி நிறச் சக்கரத்தில் இருக்கிறது. நீலத்தை வெட்டுவது செம்மஞ்சள், ஊதாவை வெட்டுவது மஞ்சள். கருமையான உதட்டுக்கு முதல் அமர்வில் வைப்பது செம்மஞ்சள் சாய்ந்த திருத்த நிறமி. கண்ணாடியைப் பார்க்கும் பெண் அன்றைக்குத் திடுக்கிடுவார், ஆகவே முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, ஆறிய உதட்டைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து, இன்னும் கருமை தெரிந்தால் மறுபடியும் திருத்தம். தெளிந்திருந்தால்தான் விரும்பிய நிறம். இரண்டு அமர்வில் முடியலாம், மூன்றும் ஆகலாம். கருமை முழுக்க எடுபடும் என்று பேச்சுக்கும் சொல்லக் கூடாது. "இரண்டு மூன்று படி தெளியும்" என்று சொல்வதே நேர்மை.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் தோல் காயப்பட்டால் கருக்கும். முழங்காலில் விழுந்த காயம் ஆறியபின் கறுப்பாக நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, உதட்டிலும் அதே கதைதான். ஊசி ஆழமாகப் போனாலும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓடினாலும், திருத்த வந்த கருமை இன்னும் கூடும், மாதக்கணக்கில் நிற்கும். கறுத்த உதட்டில் வேலை செய்யும் கை, வெளிறிய உதட்டில் செய்யும் கையைவிட மெதுவாகவும் மென்மையாகவும் ஓட வேண்டும். இரண்டு, மூன்று சுற்றோடு நிறுத்தி, மிச்சத்தை அடுத்த அமர்வுக்கு விடத் தெரிய வேண்டும்.

ஆழத்தைக் கையால் மட்டுமே உணரலாம். உதட்டை விரல்களால் மூன்று பக்கம் இழுத்துப் பிடித்தால்தான் ஊசி சீராக இறங்கும். இழுவை தளர்ந்தால் ஊசி துள்ளும், நிறம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். மேலோட்டமாகப் போனால் தோல் உரியும்போது நிறமும் சேர்ந்து உரிந்துவிடும். ஆழமாகப் போனால் இரத்தம் கசியும், அந்த இரத்தமே நிறமியை வெளியே தள்ளும், உள்ளே நின்றது நீலம் பாரிக்கும். மெஷின் வேகமும் கை வேகமும் பொருந்தாவிட்டால் தோல் கிழிந்து மசியும். உதட்டு எல்லைக்கு வெளியே ஒரு மயிரிழை தாண்டினாலும் ஆறியபின் அது அழுக்குக் கோடாகத் தெரியும். உட்பக்க ஈரத்தோலில் நிறம் நிற்காது, நிற்பதும் பரவும். வாய்க்கோடியில் நிறம் தேங்கிக் கறுக்கும். இவ்வளவையும் செயற்கைத் தோலில் குறைந்தது நாற்பது, ஐம்பது உதடு போட்டுப் பழகிய பிறகுதான் உயிருள்ள உதட்டில் தொட வேண்டும். செயற்கைத் தோல் வீங்காது, இரத்தம் வராது, கதைக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

நிறமிப் போத்தலின் லேபிளை வாசிக்கவும் பிள்ளை பழக வேண்டும். வெளிர் ரோஸ் நிறங்களில் டைட்டானியம் டையொக்சைட் என்ற வெள்ளை கூடுதலாக இருக்கும். கறுத்த உதட்டில் அது சாம்பல் தட்டும். வேலை பிழையாகி, லேசரால் அழிக்கப் போனால் சில வேளை அது கறுத்துவிடும். இரும்பு ஒக்சைட் சிவப்புகள் இயல்பிலேயே பழுப்புச் சாய்ந்தவை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி 4 முதல் பச்சை குத்தும் மைகளில் ஆயிரக்கணக்கான இரசாயனங்களுக்கு எல்லை வைத்திருக்கிறது. அந்த விதிக்கு அமைந்தது என்று எழுதி, தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் உள்ள போத்தலை மட்டும் வாங்கட்டும். வகுப்போடு "இலவசமாக" வரும் பெட்டியில் பெயரில்லாத போத்தல்கள் இருந்தால் அவற்றின் இடம் குப்பைத்தொட்டி.

அடுத்தது, யாருக்குச் செய்யக் கூடாது என்பது. எங்கள் கணக்கில் இந்தத் தொழிலின் பாதி இதுதான். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், சீனி கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்கள், முகப்பருவுக்கு ஐசோட்ரெடினோயின் குடித்து ஆறு மாதமாவது கழியாதவர்கள். இவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது டொக்டரின் எழுத்தோடு வரச் சொல்ல வேண்டும். காய்ச்சல் வந்தால் உதட்டோரம் நீர்க்கொப்புளம் கிளம்புகிறவர்கள் தனி ரகம். அது ஹெர்பீஸ் வைரஸ், நரம்பில் உறங்கிக்கொண்டிருக்கும். ஊசி அதைத் தட்டி எழுப்பினால் உதடு முழுக்கக் கொப்புளம் பரவி, நிறமும் போய்த் தழும்பும் விழலாம். அவர்கள் முன்கூட்டியே டொக்டரிடம் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை எழுதி வாங்கி வர வேண்டும். மாத்திரையைச் சலூன்காரர் கொடுப்பதற்கில்லை.

உதடு ஏன் கறுத்தது என்றும் கேட்க வேண்டும். சிகரெட், வெற்றிலை, வெயில், உதட்டை நக்கும் பழக்கம், ஒத்துக்கொள்ளாத லிப்ஸ்டிக் அல்லது பற்பசை எதுவும் காரணமாக இருக்கலாம். காரணம் தொடர்ந்தால் வைத்த நிறத்தின் மேலேயே மறுபடி கறுக்கும். புதிதாக வந்த தனிப் புள்ளி, வளரும் கறை, ஆறாத புண் என்றால் ஊசியைத் தூக்கவே கூடாது, முதலில் தோல் வைத்தியர். பிளவு உதட்டுச் சத்திரசிகிச்சைத் தழும்பை மறைப்பதும், வெண்படை விழுந்த உதட்டுக்கு நிறம் வைப்பதும் இதே கலையின் மிக அருமையான கிளைகள். ஆனால் தழும்பு முதிர ஒரு வருடமாவது வேண்டும். வெண்படை ஒரு வருடமாவது பரவாமல் நின்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊசிக் காயமே புதுப் படைக்கு இடம் கொடுக்கும். அவை இரண்டும் வைத்தியரோடு சேர்ந்து செய்யும் வேலைகள், முதல் இரண்டு வருடம் பிள்ளை தொட வேண்டாம்.

விறைப்பு கிரீமில் இருப்பது லிடோகெயின், அது மருந்து. இணையத்தில் பத்து வீதம், அதற்கும் மேல் என்று விற்கிறார்கள். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024இல் இப்படியான கிரீம்களைப் பற்றி எச்சரித்து, கடையில் வாங்கித் தோலில் பூசுவதற்கு 4 வீதமே எல்லை என்று சொல்லியிருக்கிறது. ஊசி பட்டுத் திறந்த உதடு அதை வேகமாக உறிஞ்சும். தலைசுற்றல், படபடப்பு, மோசமானால் வலிப்பு வரை போகும்.

ஆறும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான்காம் நாள் வரும் தொலைபேசி அழைப்புக்குப் பதில் சொல்ல வராது. முதல் இரண்டு நாள் வீக்கமும் பளிச்சென்ற நிறமும். மூன்றாம் நாளிலிருந்து ஒரு வாரம் வரை தோல் உரியும், பிய்க்கக் கூடாது. உரிந்ததும் "நிறமே இல்லையே" என்று பதறுவார்கள். மூன்று, நான்கு வாரத்தில் நிறம் மெல்ல மேலே வரும், முதல் நாள் பார்த்ததில் ஏறக்குறைய பாதி அழுத்தத்தில். அந்த முதல் வாரத்தில் உறைப்புக் கறி, சுடச்சுடத் தேநீர் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு உப்புவெளிக் கடலும் கன்னியா வெந்நீரும் வேண்டாம். கல்யாணப் பெண்ணென்றால் முகூர்த்தத்துக்கு நான்கைந்து மாதம் முன்னரே தொடங்க வேண்டும். தை மாதக் கல்யாணத்துக்கு மார்கழியில் வருகிறவரை மறுக்கத்தான் வேண்டும்.

சந்தையைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறோம். திருகோணமலை கொழும்பு அல்ல. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் பல முஸ்லிம் குடும்பங்கள் பச்சை குத்துவதை மார்க்கத்தில் கூடாதது என்று தவிர்ப்பார்கள். அவர்களிடம் "இது பச்சை இல்லை" என்று சொல்லி விற்பது பொய். நிலாவெளி ஹோட்டல்களுக்கு வரும் வெள்ளைக்காரர் வாடிக்கையாவார்கள் என்ற கனவும் பெரிதாகப் பலிக்காது: மே முதல் செப்டெம்பர் வரை கடலில் குளிக்க வருகிறவர் இரண்டு வாரம் கடலைத் தொடாமல் இருப்பாரா? எட்டு வாரம் கழித்து இரண்டாம் அமர்வுக்கு நிற்பாரா? ஆகவே இங்கே லிப் பிளஷ் தனியாகச் சோறு போடாது. திரெடிங், ஃபேஷியல், மணப்பெண் அலங்காரம் என்று நிற்கும் சலூனுக்கு மேலதிகமாக அமைந்தால் நன்றாகவே போடும்.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் அழகுக்கலையில் தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ., நான்காம் மட்டம் வரை. தொழிற்பயிற்சி அதிகார சபையினதும், நைட்டா எனப்படும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையினதும் மாவட்ட அலுவலகங்களில் விசாரியுங்கள். தனியார் நிறுவனமென்றால், அது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, அந்தக் குறித்த பாடநெறிக்கு என்.வி.கியூ. அங்கீகாரம் உண்டா என்று தனித்தனியாகக் கேளுங்கள். நிறுவனப் பதிவு வேறு, பாடநெறி அங்கீகாரம் வேறு. இந்த இரண்டையும் குழப்பித்தான் விளம்பரங்கள் ஓடுகின்றன. சான்றிதழ் கையில் வந்தபின் ஒரு சலூனில் ஆறு மாதமாவது நின்று வாடிக்கையாளரோடு கதைக்கப் பழகிய பிறகு லிப் பிளஷுக்குப் போகட்டும். வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில், இடத்துக்கான அனுமதிக்கு உள்ளூராட்சி சபையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும். அது பெரிய பாடில்லை.

லண்டனில் சொந்தம் இருக்கிறது, அங்கே போய்ச் செய்யலாம் என்ற எண்ணம் இருந்தால்: இங்கிலாந்தில் இந்த வேலைக்கு ஆளும் இடமும் உள்ளூராட்சி சபையில் பதிவோ உரிமமோ பெற வேண்டும். சுவரில் மாட்டும் "சர்வதேச" காகிதம் அதற்கு ஈடாகாது.

பிறகு வகுப்புத் தேடும்போது நான்கே கேள்வி போதும். உயிருள்ள எத்தனை உதட்டில் பிள்ளையே ஊசி பிடிக்கும்? அவற்றில் கறுத்த உதடு எத்தனை? எட்டு வாரம் கழித்து ஆறிய படங்களைக் காட்டுவீர்களா? பாவித்து முடித்த ஊசிகளை எங்கே கொடுக்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்குத் தடுமாறினால் தொலைபேசியை வையுங்கள். கார்ட்ரிட்ஜ் மஞ்சள் நிறக் கூர்க்கழிவுப் பெட்டிக்குள் போக வேண்டும். பெட்டி முக்கால்வாசி நிரம்பியதும் மூடி, மருத்துவக் கழிவு எடுப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும், குப்பை லொறியில் அல்ல. சலூன்களில் நீல வெளிச்சம் அடிக்கும் பெட்டி எதையும் கிருமியழிப்புச் செய்து தராது. திரும்பப் பாவிக்கும் உலோகக் கருவியென்றால் ஓட்டோகிளேவில் 121 பாகையில் 15 நிமிடம் அழுத்த நீராவியில் இருக்க வேண்டும்.

இப்போதே செய்ய ஒரு வேலை இருக்கிறது. இரத்தத்தோடு பழகும் தொழில் என்பதால் ஹெப்படைட்டிஸ் பி பாதுகாப்பு அவசியம். பிள்ளையின் சின்ன வயதுக் கிளினிக் அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போங்கள். ஊசி போட்டிருந்தாலும் எதிர்ப்புச் சக்தி நிற்கிறதா என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். போடாதிருந்தால் மூன்று ஊசி: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று. இன்று தொடங்கினால் என்.வி.கியூ. வகுப்பில் இருக்கும்போதே மூன்றும் முடிந்துவிடும்.