ஜன்னலோரத்து வாலிபன்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்களில் பெண்களும் வயதானவர்களும்தான் அதிகம். என் கணவர் என்னை வாசலில் இறக்கிவிட்டுக் கிளம்பிவிடுவார். படிப்பை முடித்த மகன் கிறிஸ்துமஸுக்கு மட்டும் எட்டிப் பார்க்கிறான். இருவருக்குமே கடவுள் நம்பிக்கை உண்டு. 'ஆண்களுக்கே பக்தி குறைவு, பிள்ளைகளை உலகம் இழுக்கிறது' என்கிறார்கள் பெரியவர்கள். அதுதான் காரணமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

ஆண்களுக்குப் பக்தி குறைவு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் பல நாடுகளை வைத்து 2016இல் வெளியிட்ட கணக்குப்படி, வாராவாரம் ஆலயம் போகிற கிறிஸ்தவப் பெண்கள் 53 சதவீதம், ஆண்கள் 46. இஸ்லாமியரிடம் இது அப்படியே மாறுகிறது: ஆண்கள் 70, பெண்கள் 42. வெள்ளிக்கிழமைத் தொழுகை அங்கே ஆண்கள் மேல் விழுந்த கடமை. 'நீ வந்தாக வேண்டும்' என்றால் ஆண்களும் வருகிறார்கள்.

நம் சபையில் அவர்களை யார் அப்படித் தேடுகிறோம்? பெண்களுக்கு ஜெபக்குழு இருக்கிறது, நோயாளிகளைப் பார்க்கப் போவது இருக்கிறது, ஞாயிறு பள்ளி இருக்கிறது. ஒருத்தி இரண்டு வாரம் வராவிட்டால் மற்றவர்கள் வீடு தேடிப் போகிறார்கள். கமிட்டியில் இல்லாத ஆணுக்கு பெஞ்சில் உட்காருவதைத் தவிர வேறு வேலை கிடையாது.

ஒருமுறை பிரசங்கத்தின் நடுவே மைக் செட் நின்றுவிட்டது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். எலக்ட்ரீஷியன் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். பெட்டியைத் திறந்து, விட்டுப்போயிருந்த ஒயரைப் பல்லால் சீவி முறுக்கிப் பொருத்தினார். எப்போதாவது தலைகாட்டிக்கொண்டிருந்த மனிதர், அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு அரை மணி முன்பே வந்து ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இளைஞர்கள் விஷயம் எனக்கு இதைவிட வலிக்கிறது. ஒரு வாலிபர் கூட்டத்தில், அக்காவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பையன் எழுந்து, "இத்தனை பேர் ஜெபித்தும் ஏன்?" என்று கேட்டான். "விசுவாசத்தில் சந்தேகம் கூடாது தம்பி" என்றார் நடத்தியவர். பையன் உட்கார்ந்துவிட்டான். அப்புறம் அவன் வரவில்லை. நானும் அங்கேதான் இருந்தேன். பின்னால் போய் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனை எந்த உலகமும் இழுக்கவில்லை சகோதரி, நாங்கள்தான் கைவிட்டோம்.

வேதாகமத்தில் யோபும் சங்கீதக்காரனும் கேட்காத கேள்வியா அது? 1844இல் லண்டனில் ஒய்.எம்.சி.ஏ. என்ற வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் வில்லியம்ஸ், துணிக்கடையில் வேலை பார்த்த 22 வயதுப் பையன். அந்த வயதை நம்பி இன்று ஒரு ஜெபக்கூட்டத்தையாவது ஒப்படைப்போமா?

அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரத்தில் ஐத்திகு என்ற வாலிபன் வருகிறான். பவுல் நெடுநேரம் பிரசங்கிக்க, ஜன்னலில் உட்கார்ந்திருந்தவன் தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்துவிடுகிறான். பவுல் அவனைக் குறை சொல்லவில்லை. பேச்சை நிறுத்தி, இறங்கிப் போய், அவனை அணைத்துக்கொள்கிறார். அதன் பிறகு அப்பம் பிட்டு, விடியும்வரை அவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

சரி, வீட்டுக்கு வருவோம். கணவரை ஆராதனைக்குக் கூப்பிடுவதை இப்போதைக்கு விடுங்கள். அவர் கைக்குப் பழகிய வேலை எதுவோ, அதைச் சொல்லி உதவி கேட்கும்படி போதகரிடம் பேசுங்கள். மகனிடம், சபையில் எது அவனுக்கு ஒட்டவில்லை என்று கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை வசனம் எதையும் எடுக்காதீர்கள்.