வானொலி நிலையத்தில் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் பணிச்சூழலை எப்படி உருவாக்குவது?

சமுதாய வானொலி நிலையம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: நேரலையில் ஒருவர் தவறு செய்த பிறகு உடன் இருப்பவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தே ஒரு நிலையத்தின் பணிச்சூழல் அமைகிறது.

கோப்பில் நேர்ந்த பிழையை ஊரறியாமல் திருத்திவிடலாம். மைக்கில் நேர்ந்த பிழை அந்த நொடியே வீடுகளுக்குள் போய்விடும். சமுதாய வானொலியின் அலைபரப்பி பெரும்பாலும் 100 வாட்டுக்கு உட்பட்டது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களே கேட்கிறார்கள் என்பதால், காலையில் தடுமாறிய அறிவிப்பாளர் மாலையில் அதே நேயர்களைத் தேநீர்க் கடையில் சந்திக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கூச்சமே அவருக்குப் போதுமான தண்டனை.

நான் சேர்ந்த முதல் மாதத்தில், மைக்கின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் என்ற நகர்த்து விசையை ஏற்றாமலே செய்தி வாசிக்கத் தொடங்கிவிட்டேன். ஏறத்தாழ அரை நிமிடம் வானொலியில் வெறும் மௌனம். கண்ணாடிக்கு அப்பால் இருந்த மூத்தவர், நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஹெட்போனுக்குள் திட்டினார். நாக்கு குழறி, அடுத்த இரண்டு ஊர்ப் பெயர்களையும் தவறாக வாசித்தேன். அதன்பின் பல வாரங்கள், நேரலையைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தாலே கை நடுங்கும்.

பொறுப்பு என்னிடம் வந்தபோது, விளக்கு அணையும்வரை அறிவிப்பாளரின் காதில் வேலைக்குரிய சொல்லைத் தவிர வேறெதுவும் போகக் கூடாது என்று முதலில் முடிவு செய்தோம். பிறகு ஒரு பதிவேடு வைத்தோம். அதில் யார் தவறினார் என்று எழுதுவதில்லை. எத்தனை மணிக்கு, என்ன நடந்தது என்று மட்டும் எழுதுவோம். இரண்டு மாதப் பக்கங்களைப் புரட்டியபோது, மௌனங்களில் பெரும்பாலானவை ஆள் மாறும் நேரத்தில் நேர்ந்தவை என்பது தெரிந்தது: கிளம்புகிறவர் எல்லா ஃபேடர்களையும் இறக்கிவிட்டுப் போவார், வருகிறவர் அதைக் கவனியாமல் அவசரமாக உட்காருவார். இருவரும் பத்து நிமிடம் சேர்ந்து இருக்குமாறு நேர அட்டவணையை மாற்றியதும் அது வெகுவாகக் குறைந்தது. அதுவரை இதற்காக எத்தனை பேரைக் கடிந்திருப்போம் என்று எண்ணும்போது இன்றும் வருந்துகிறேன்.

மற்றொன்றையும் அவசியம் கவனியுங்கள். அதிகாலை, இரவு ஷிப்டுகளில் ஸ்டுடியோவில் இரண்டே பேர்தான் இருப்பார்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஊதியமின்றி உழைக்கும் தன்னார்வலர்களுக்கும் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறையாத இடத்தில் இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம். அதன் உறுப்பினர் பெயர்களையும் தொலைபேசி எண்களையும் ஸ்டுடியோ கதவருகே, நேர அட்டவணைக்குப் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள்.