கண் மேக்கப்பைத் துடைத்தாலே இமை எரிகிறது, எந்த ரிமூவர் வாங்கலாம்?

கேள்வி: எனக்கு வயது 29. வேலைக்காக வாரத்தில் பெரும்பாலான நாட்கள் வாட்டர்ப்ரூஃப் மஸ்காராவும் ஐலைனரும் போட வேண்டியிருக்கிறது. இரவில் மேக்கப் வைப்ஸால் துடைத்துவிட்டு, போகாததை ஃபேஸ்வாஷ் போட்டுத் தேய்த்து எடுப்பேன். இரண்டு மாதமாக மேல் இமை சிவந்து, அரித்து, செதில் செதிலாக உரிகிறது. எதைப் போட்டாலும் எரிகிறது. சென்சிட்டிவ் ஸ்கின்னுக்கு என்று எழுதியிருக்கும் ரிமூவரிலேயே மூன்று மாற்றிப் பார்த்துவிட்டேன். எதை வாங்கினால் சரியாகும் டாக்டர்?

பதில்: நான்காவது ரிமூவரை இப்போதைக்கு வாங்காதீர்கள். உங்கள் இமைத்தோல் ஏற்கெனவே புண்பட்டிருக்கிறது. அந்த நிலையில் எவ்வளவு நல்ல ரிமூவர் பட்டாலும் எரியத்தான் செய்யும், எரிந்தவுடன் இதுவும் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போவீர்கள், அதுவும் எரியும். முதலில் தோல் ஆறட்டும். ரிமூவர் அப்புறம்.

உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமையில்தான் இருக்கிறது, அதன் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். நெற்றியிலும் மூக்கிலும் இருப்பதுபோல எண்ணெய்ச் சுரப்பிகளும் அந்தத் தோலில் அதிகம் இல்லை. அதனால் கன்னம் தாங்குகிற சோப்பையும் வாசனையையும் தேய்ப்பையும் இமை தாங்காது. போதாததற்கு அது நாள் முழுக்க மூடித் திறந்துகொண்டே இருக்கிறது, ஓய்வு என்பதே அதற்குக் கிடையாது. உரிந்து வெடித்த தோலின் வழியாக எந்தப் பொருளும் சுலபமாக உள்ளே இறங்கும், முன்பு ஒத்துக்கொண்டதுகூட அப்போது எரியும். நீங்கள் எதைப் போட்டாலும் எரிகிறது என்று எழுதியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

எனவே குறைந்தது இரண்டு வாரம் கண்ணைச் சுற்றி எந்த மேக்கப்பும் வேண்டாம். வேலையிடத்தில் கேட்டால் மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்று சொல்லுங்கள், உண்மைதானே. முகத்துக்கும் உதட்டுக்கும் போடுவதைப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் முகத்தைக் கழுவும்போது அந்த நுரை இமையில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இமைக்கு வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் போதும். அரிப்பு அதிகமாக இருக்கும்போது சுத்தமான மெல்லிய துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண்மேல் ஐந்து பத்து நிமிடம் வைத்திருங்கள். ஐஸ் கட்டியை நேராக வைக்காதீர்கள். பிறகு ஈரம் முழுதும் காய்வதற்குள் வாசனை எதுவும் சேர்க்காத வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியை மிக மெல்லிய படலமாக இமையின் வெளிப்பக்கம் மட்டும் தடவுங்கள். பார்க்கப் பளபளவென்று இருக்கும், அழகாக இருக்காதுதான், ஆனால் புண்பட்ட இமைக்கு இவ்வளவு சாதுவான பொருள் வேறு சொல்லத் தெரியவில்லை.

இனி, எது இதைக் கிளப்பியிருக்கும் என்று பார்ப்போம். உங்கள் வழக்கத்தில் எனக்கு முதலில் உறுத்துவது அந்த வைப்ஸ். ஒன்று, அதன் இழையே தோலை உரசுகிறது, அதுவும் வாட்டர்ப்ரூஃப் மஸ்காராவை எடுக்க அழுத்தி உரசுவீர்கள். இரண்டாவது, அதிலிருக்கும் திரவத்தை யாரும் கழுவுவதில்லை, இரவு முழுக்க இமையிலேயே தங்கிவிடுகிறது. மூன்றாவது, ஈரமாகவே மாதக்கணக்கில் பாக்கெட்டுக்குள் கிடக்கிற பொருள் கெடாமல் இருக்கவேண்டும் என்றால் அதில் கிருமி வளராமல் தடுக்கும் ரசாயனம் இருந்தே ஆகவேண்டும். அப்படிச் சேர்க்கப்படுகிறவற்றில் மெத்தில்ஐசோதையசோலினோன் (methylisothiazolinone) என்று ஒன்று, எத்தனையோ பேருக்கு அலர்ஜி உண்டாக்கியது. அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2013இல் அதைத்தான் அந்த ஆண்டின் அலர்ஜிப் பொருளாக அறிவித்தது, ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் கழுவாமல் தோலில் விடும் அழகுப் பொருட்களில் அதைச் சேர்க்கக் கூடாது என்று தடையே போட்டது. பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். இந்தப் பெயர் இருந்தாலும், வாசனை (fragrance) என்று தனியாக ஒரு சேர்மானம் எழுதியிருந்தாலும், குப்பையில் போட்டுவிடுங்கள்.

முன்பக்கத்தில் எழுதியிருப்பதை அவ்வளவாக நம்பவேண்டாம். ஹைப்போஅலர்ஜெனிக், அதாவது அலர்ஜி தரும் வாய்ப்பு குறைவு, என்று போட ஒரு பொருள் எந்தச் சோதனையைத் தாண்டியிருக்கவேண்டும் என்று அமெரிக்காவில்கூடச் சட்டப்படி வரையறை கிடையாது. சென்சிட்டிவ் ஸ்கின் என்பதும் அப்படித்தான். அன்சென்டட் என்று இருந்தால் வாசனை தெரியாது என்று மட்டும்தான் பொருள், மூலப்பொருளின் வாடையை மறைக்க உள்ளே வேறொரு வாசனைப் பொருளைச் சேர்த்திருக்கலாம். உங்களுக்கு வேண்டியது ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ, அதாவது வாசனைப் பொருளே சேர்க்காதது. தாவர எண்ணெய்ச் சாறுகள், இயற்கை நறுமணம் என்று பெருமையாக எழுதியிருப்பதையும் இமைக்குத் தவிர்த்துவிடுங்கள், இயற்கையாக வந்த வாசனையும் அலர்ஜி தரும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், பலரும் இதைக் கேட்டதே இல்லை. எரிச்சல் என்பது வேறு, அலர்ஜி என்பது வேறு. எரிச்சல் பெரும்பாலும் பொருள் பட்ட சற்று நேரத்திலேயே தெரியும். தொடு அலர்ஜி அப்படியில்லை, இன்று பட்டதற்கு நாளையோ நாளை மறுநாளோதான் அரிப்பும் தடிப்பும் வரும். திங்கட்கிழமை போட்டதன் விளைவு புதன்கிழமை தெரியும்போது நீங்கள் புதன்கிழமை போட்ட ரிமூவரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். மேலும், இமையில் வரும் அலர்ஜிக்குக் காரணம் இமையில் போடுகிற பொருளாகவே இருக்கவேண்டும் என்றும் இல்லை. நெயில் பாலிஷும் ஜெல் நகப்பூச்சும் விரலில் ஒன்றும் செய்யாமல், அந்த விரலால் கண்ணைத் தொடும்போது இமையில் வெடிக்கும். தலைச்சாயம், ஷாம்பு, கண்டிஷனர் எல்லாம் குளிக்கும்போது முகத்தில் வழிந்து அதே வேலையைச் செய்யும். இமை முடியைச் சுருட்டும் கருவியில் இருக்கும் நிக்கல் உலோகம்கூடக் காரணமாகலாம். இரண்டு மாதத்துக்கு முன் புதிதாக எதைத் தொடங்கினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள், தலை முதல் விரல் நுனி வரை.

சரி, தோல் ஆறிவிட்டது, சிவப்பும் செதிலும் போய்விட்டன என்று வைத்துக்கொள்வோம். அப்போது எப்படி எடுப்பது? வாட்டர்ப்ரூஃப் மஸ்காராவில் மெழுகும், தண்ணீரில் கரையாத பாலிமர்களும் இருக்கின்றன, அதனால்தான் வியர்வைக்கும் கண்ணீருக்கும் அசைந்து கொடுப்பதில்லை. தண்ணீரும் ஃபேஸ்வாஷும் போட்டு அதை எடுக்கப் பார்த்தால் கடைசியில் விரல்தான் வேலை செய்யும், தோல்தான் உரியும். அதற்கு எண்ணெய்த் தன்மை உள்ள ரிமூவர் வேண்டும், இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கும், குலுக்கிவிட்டுப் பயன்படுத்தும் வகையாகவோ, வாசனை சேர்க்காத க்ளென்சிங் பாமாகவோ இருக்கலாம். சாதாரண மஸ்காராவுக்கு மைசெல்லர் வாட்டர் போதும், ஆனால் அதிலும் அழுக்கைப் பிடித்து இழுக்கும் நுரைப்பொருள் மிதமாக உண்டு, கழுவ வேண்டாம் என்று எழுதியிருந்தாலும் உங்களைப் போன்றவர்கள் கழுவிவிடுவதே நல்லது.

எடுக்கிற விதம்தான் பொருளைவிட முக்கியம். முதலில் கையைக் கழுவுங்கள், கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் என்றால் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள், எண்ணெய் பட்ட லென்ஸ் மங்கிவிடும். மென்மையான காட்டன் பேடில் ரிமூவரைத் தாராளமாக ஊற்றி நன்றாக நனையவிடுங்கள், கஞ்சத்தனம் பார்த்தால் உலர்ந்த பஞ்சு உரசும். கண்ணை மூடி, பேடை இமைமேல் வைத்து, அழுத்தாமல், தேய்க்காமல், அரை நிமிடமாவது அப்படியே பிடித்திருங்கள். அடிப்பிடித்த பாத்திரத்தை ஊறவைத்தால் தானாக விட்டுவிடுவதுபோல மஸ்காராவும் விட்டுவிடும். பிறகு மேலிருந்து கீழாக, முடி வளரும் திசையில், ஒரே ஒரு முறை வழித்து எடுங்கள். போகவில்லையா, இன்னொரு பேடை நனைத்து மறுபடியும் வைத்துப் பிடித்திருங்கள். பக்கவாட்டில் இழுத்துத் துடைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு கண்ணுக்குப் பயன்படுத்திய பேடை மறு கண்ணுக்குக் கொண்டுபோகவும் கூடாது. முடி வேரோரத்தில் மிஞ்சிய ஐலைனரைக் காது குடையும் பட்ஸில் ரிமூவரைத் தொட்டு மெல்ல உருட்டி எடுக்கலாம், கண்ணாடிமுன் நின்று, கண் விளிம்புக்கு உள்ளே போகாமல். இன்னும் கொஞ்சம் கறுப்பு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், நூறு சதவீதம் எடுத்தே தீருவேன் என்று தேய்ப்பதில்தான் பாதிச் சேதம் நடக்கிறது. கடைசியாக வெதுவெதுப்பான தண்ணீரால் அலசி, துண்டால் ஒற்றி எடுத்து, மெல்லிய மாய்ஸ்சரைசரோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவுங்கள். கண்ணுக்குள் ரிமூவர் போய் எரிந்தால் கசக்காமல் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள், அலசிய பிறகும் எரிச்சல் அடங்காவிட்டால் கண் மருத்துவரைப் பாருங்கள்.

அதற்காகச் சோர்வாக இருக்கும் இரவுகளில் எடுக்காமலே தூங்கிவிடாதீர்கள். இமை விளிம்பில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன, கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் காப்பது அவை சுரக்கும் எண்ணெய்தான். மேக்கப் அடைத்தால் விளிம்பு வீங்கும், கட்டி வரும், கண் உலரும். சிட்னியில் ஐம்பது வயதுப் பெண் ஒருவருக்கு, 25 ஆண்டுகள் மஸ்காராவைச் சரியாக எடுக்காமல் விட்டதால், மேல் இமையின் உட்புறத்தில் கறுப்புக் கட்டிகளாகப் படிந்திருந்ததை 2018இல் கண் மருத்துவ இதழொன்றில் படத்துடன் வெளியிட்டார்கள். அவருக்கு அறுவை சிகிச்சை செய்துதான் எடுக்கவேண்டியிருந்தது.

புதிய ரிமூவர் எதுவானாலும் நேராக இமைக்குக் கொண்டுபோகாதீர்கள். முன்கையின் உட்புறத்தில் ஒரு நாணயம் அளவு இடத்தில், தினமும் இருமுறை, ஏழு முதல் பத்து நாள் தடவிப் பாருங்கள். முகத்தில் எவ்வளவு நேரம் இருக்குமோ அவ்வளவு நேரம் விட்டுக் கழுவுங்கள். ஒரு தடவை தடவி ஒன்றும் ஆகவில்லையே என்று விடுவதில் பயனில்லை, அலர்ஜி தாமதமாக வரும் என்று மேலே சொன்னேன். கையில் ஒன்றும் வரவில்லை என்றால் இமையிலும் வராது என்று முழு உறுதி சொல்லமுடியாது, ஆனால் பெரும்பாலான தொல்லையை அங்கேயே தடுத்துவிடலாம்.

மேக்கப்பையும் கொஞ்சம் மாற்றுங்கள். எடுப்பது கடினமாக இருப்பதே வாட்டர்ப்ரூஃப் என்பதால்தான். ட்யூபிங் மஸ்காரா என்று ஒரு வகை இருக்கிறது, ஒவ்வொரு முடியையும் உறைபோல மூடும், வெதுவெதுப்பான நீரில் நனைத்தால் குழாய் குழாயாகக் கழன்று வந்துவிடும், எண்ணெயும் தேய்ப்பும் வேண்டியதில்லை. வியர்வைக்கும் ஓரளவு நிற்கும். உங்கள் பிரச்சினைக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்த மாற்றத்தைத்தான். ஐலைனரை முடிக்கு வெளிப்பக்கம் மட்டும் போடுங்கள், உள் விளிம்பில் வேண்டாம். மினுக்கும் துகள் உள்ள ஐஷேடோ வேண்டவே வேண்டாம், அது கண்ணுக்குள் விழுந்து கருவிழியைக் கீறும். மஸ்காராவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், இப்போது கையில் இருப்பதை இன்றே தூக்கிப்போட்டாலும் நல்லதுதான்.

மருந்து விஷயத்தில் ஒரு கண்டிப்பு. அரிப்புக்கு நல்லது என்று யாரோ கொடுத்த ஸ்டீராய்டு க்ரீமை இமையில் தடவாதீர்கள். இரண்டு நாளில் மாயம்போலச் சரியாகும், விட்டவுடன் திரும்பி வரும், மறுபடி தடவுவீர்கள். வாரக்கணக்கில் தொடர்ந்தால் இமைத்தோல் இன்னும் மெலியலாம், கண்ணுக்குள் அழுத்தம் ஏறலாம், கண்புரைகூட வரலாம். தேவையென்றால் நாங்களே எழுதிக் கொடுப்போம், வீரியம் குறைந்ததாக, சில நாட்களுக்கு மட்டும், அல்லது ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பாக. டீ ட்ரீ எண்ணெயையும் இமைப்பக்கம் கொண்டுபோகவேண்டாம். குழந்தை ஷாம்பு சாதுவானது என்று பலர் அதைக்கொண்டு இமையைக் கழுவுகிறார்கள், ஆனால் அதில் இருக்கும் நுரைப்பொருளும் வாசனையும் புண்பட்ட இமைக்கு ஒத்துக்கொள்வதில்லை.

கண்ணுக்குள் வலி, வெளிச்சம் பட்டால் கூச்சம், பார்வை மங்கல், சீழ், இமை மூடும் அளவு வீக்கம், காய்ச்சல், ஒரு பக்கம் மட்டும் கொப்புளம், இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். இவை இல்லாமல், இரண்டு மூன்று வாரம் எல்லாவற்றையும் நிறுத்தியும் சிவப்பு அடங்கவில்லை, அல்லது மேக்கப்பைத் தொட்டவுடன் திரும்பி வருகிறது என்றால் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் பற்றிக் கேளுங்கள். சந்தேகப்படும் பொருட்களைச் சிறு பட்டைகளில் வைத்து முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், ஓரிரு நாள் விட்டு இன்னொரு முறையும் பார்ப்பார்கள். அந்த நாட்களில் முதுகு நனையக்கூடாது, அதற்கேற்ப நாள் குறித்துக்கொள்ளுங்கள். போகும்போது மஸ்காரா, ஐலைனர், பழைய மூன்று ரிமூவர்கள், வைப்ஸ், ஃபேஸ்வாஷ், ஷாம்பு, நெயில் பாலிஷ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, சேர்மானம் அச்சிட்ட அட்டைப்பெட்டி இருந்தால் அதையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள்.