பச்சைக் கறியா, வேகவைத்ததா? லேப்ரடாருக்கும் சிப்பிப்பாறைக் குட்டிக்கும் எது சரி

கேள்வி: வீட்டில் மூன்று வயது லேப்ரடார் ஒன்றும் நான்கு மாதச் சிப்பிப்பாறைக் குட்டி ஒன்றும் இருக்கின்றன. லேப்ரடார் 27 கிலோ. பாக்கெட் தீனி வேண்டாம், பச்சைக் கறிதான் நாய்க்கு இயற்கை உணவு என்று யூடியூபில் பார்த்து, கறிக்கடையில் கோழிக் கழுத்து, ஈரல், ஆட்டு நுரையீரல் வாங்கி அப்படியே போடுகிறோம். பெரியதுக்கு முடி நன்றாகப் பளபளக்கிறது. ஆனால் மலம் வெள்ளையாக, சுண்ணாம்புக்கட்டி மாதிரி போகிறது. வீட்டில் ஐந்து வயதுக் குழந்தையும் உண்டு. தொடரலாமா? (வாசகர், கோவை)

பதில்: ஆட்டு நுரையீரலை இன்றே நிறுத்துங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

காரணம் இதுதான். ஆடு மாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் சில சமயம் தண்ணீர் கோத்த கட்டிகள் இருக்கும். வெளிர் வெள்ளையாக, அழுத்தினால் குழையும்; கோலிக்குண்டு அளவிலிருந்து எலுமிச்சை அளவு வரைகூடப் பார்க்கலாம். கடைக்காரர் அதை வெட்டி ஓரமாக எறிவார், இல்லையென்றால் "நாய்க்குத்தானே" என்று உங்கள் பையில் போட்டுவிடுவார். அதற்குள் இருப்பது ஒரு நாடாப்புழுவின் இளம் பருவம். நாய் அதைப் பச்சையாகத் தின்றால், ஆறேழு வாரத்தில் குடலில் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுக்கள் வளர்ந்து முட்டையிடத் தொடங்கும். நாய்க்கு ஒன்றும் தெரியாது, நன்றாகவே இருக்கும். மலத்தோடு வரும் முட்டைகள் அதன் முடியில் ஒட்டிக்கொள்ளும். குழந்தை தடவிக் கொடுத்துவிட்டுக் கையை வாயில் வைத்தால் போதும். பல வருடம் கழித்து ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டி என்று ஸ்கேனில் வரும்.

ஆகவே இரண்டு நாய்களுக்கும், நாடாப்புழுவைக் கொல்லும் பிரசிகுவாண்டல் உள்ள புழு மருந்து கொடுக்க வேண்டும். கடையில் கேட்டால் தரும் எல்லாப் புழு மருந்திலும் அது இருக்காது, அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அளவை எடை பார்த்து உங்கள் டாக்டரே சொல்லட்டும்.

அடுத்து கோழிக் கழுத்து. வெள்ளை மலத்துக்கு அதுதான் காரணம், எலும்பு அதிகமாகிவிட்டது. முக்கி முக்கிப் போகிறது என்றால் மலச்சிக்கல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதைவிட எனக்குக் கவலை தருவது கிருமிகள். பச்சைக் கோழியில் சால்மொனெல்லா, கேம்பிலோபேக்டர் இரண்டும் சர்வ சாதாரணம். மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் ஒன்றைக் கவனித்தார்கள்: பின்னங்கால் தளர்ந்து, குரைப்பு மாறி, சில நாட்களில் எழவே முடியாமல் போகும் ஒருவகை நரம்பு வாதம் வந்த நாய்களில் பல, பச்சைக் கோழி, குறிப்பாகக் கழுத்து தின்றவை. அவற்றின் மலத்தில் கேம்பிலோபேக்டரும் அதிகமாக இருந்தது. எல்லா நாய்க்கும் வரும் என்று சொல்லவில்லை. வந்தால் தேற வாரக்கணக்கில், சிலதுக்கு மாதக்கணக்கில் ஆகும்.

ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சில ஒட்டுண்ணிகள் சாகும், சால்மொனெல்லா சாகாது. தூங்கி எழும், அவ்வளவுதான். குழாயடியில் கறியை அலசுவதும் வேண்டாம். தெறிக்கும் தண்ணீரில் கிருமி மேடை முழுக்கப் பரவும். நாய் நோயில்லாமலே சால்மொனெல்லாவை மலத்தில் வெளியேற்றிக்கொண்டிருக்கும், தன் பின்புறத்தை நக்கிய அதே வாயால் குழந்தையின் முகத்தையும் நக்கும். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-லேயே பச்சைக் கறி வேண்டாம் என்று சொன்னதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

"ஓநாய் வேக வைத்தா தின்கிறது?" என்று வீடியோவில் கேட்டிருப்பார்கள். நாய் ஓநாய் இல்லை. மாவுச்சத்தைச் செரிக்கும் ஒரு மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகள்தான்; நாயிடம் நான்கு முதல் முப்பது வரை இருப்பதாக ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2013-இல் கண்டார்கள். நம் ஊர் நாய்கள் சோறும் கூழும் தின்றே வளர்ந்தவை. முடி பளபளப்புக்கும் பச்சைக்கும் சம்பந்தமில்லை. அது கோழித் தோலில் இருக்கிற கொழுப்பின் வேலை. ஒரு ஸ்பூன் எண்ணெய் ஊற்றினாலும் பளபளக்கும்.

அதனால் அதே கறியை வேக வையுங்கள். உங்கள் லேப்ரடாருக்கு ஒரு நாளைக்கு, தோல் நீக்கிய எலும்பில்லாத கோழித் தொடைக்கறி 300 கிராம், கோழி ஈரல் 25 கிராம், அரிசி 150 கிராம், பூசணியோ கேரட்டோ ஒரு கைப்பிடி, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. எல்லாம் வேகாத எடை. ஏறக்குறைய 1,100 கலோரி வரும், இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். கறி வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். டாரின் போன்ற சத்து அதில்தான் இறங்கியிருக்கும். உப்பு, மசாலா எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் அறவே கூடாது, ரத்த சிவப்பணுக்களை உடைத்துவிடும். லேப்ரடார் சுலபமாகக் குண்டாகும், விலா எலும்பு கைக்குத் தட்டுப்படவில்லை என்றால் அரிசியைக் குறையுங்கள்.

இதில் எலும்பு இல்லை, ஆகவே சுண்ணாம்புச்சத்து வெளியிலிருந்து வர வேண்டும். முட்டை ஓட்டைக் கொதிக்க வைத்துக் காயவிட்டு, மிக்ஸியில் மாவாக அரைத்து, தினமும் முக்கால் டீஸ்பூன் சேருங்கள். துண்டு துண்டாக இருந்தால் பயனில்லை, விரலில் தேய்த்தால் டால்கம் பவுடர் மாதிரி இருக்க வேண்டும். வெந்த எலும்பை மட்டும் போட்டுவிடாதீர்கள், ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குப் பிறகு திங்கட்கிழமை என் மேஜைக்கு வருகிறவை பெரும்பாலும் அந்த ரகம்தான்.

இத்தனைக்குப் பிறகும் துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ எல்லாம் போதாமல்தான் இருக்கும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2013-இல் 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைப் பரிசோதித்ததில், 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு சத்தாவது குறைந்திருந்தது. வீட்டுச் சாப்பாட்டுக்கென்றே உள்ள தாது-வைட்டமின் கலவையை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். அது முடியாதென்றால், பாதி நல்ல பாக்கெட் தீனி, பாதி வீட்டுச் சாப்பாடு என்று போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பாக்கெட் தீனி என்றாலே விஷம் என்பது வியாபாரப் பேச்சு.

குட்டி விஷயம் வேறு. அதற்கு இந்த அளவுகள் எதையும் வைக்காதீர்கள். வளரும் குட்டிக்குப் பெரிய நாயைவிடப் பல மடங்கு சுண்ணாம்புச்சத்து வேண்டும். வெறும் கறியில் அது கிடையாது, பாஸ்பரஸ் மட்டும் ஏராளம். உடம்பு என்ன செய்யும்? எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவி ரத்தத்துக்குக் கொடுக்கும். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பும் தசையும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். கட்டிலிலிருந்து குதித்தாலே கால் ஒடியும். சிப்பிப்பாறைக்கு ஏற்கெனவே குச்சிக் கால்கள், ஓடப் பிறந்த ஜாதி. கவலைப்பட்டு டானிக்கை அள்ளி ஊற்றுவதும் வேண்டாம், கூடினாலும் எலும்பு வளர்ச்சி கெடும். ஒரு வயது வரை குட்டிகளுக்கான முழுமையான தீனியே பிரதானமாக இருக்கட்டும். வேகவைத்த கோழியோ முட்டையோ பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

புது உணவு முழுவதையும் ஒரே நாளில் கொடுத்துவிடாதீர்கள். பச்சையை உடனே நிறுத்திவிட்டு, முதல் இரண்டு நாள் வெறும் சோறும் வெந்த கோழியும், அப்புறம் ஒரு வாரத்தில் படிப்படியாக மற்றவை. மலம் நாலைந்து நாளில் பழுப்புக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டாலோ, வாந்தி எடுத்தாலோ, குட்டி நொண்டினாலோ, பெரியதின் பின்னங்கால் துவண்டாலோ அன்றே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். என்னென்ன பச்சையாகக் கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.