வீட்டு கரண்ட் கேள்வி பதில்: மண்ணுக்குள்ள இருக்கிற சூடு நம்ம பில்லைக் குறைக்குமா?

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், ஜியோதெர்மல் ஹீட் பம்ப், அதாவது மண்ணுக்குள்ள குழாய் இறக்கி அங்க இருக்கிற சூட்டை வீட்டுக்குக் கொண்டு வர்ற மெஷின். கனடாவுல இருந்தும் கேட்டிருக்காங்க, சென்னையில இருந்தும் கேட்டிருக்காங்க. அதனால இந்தத் தடவை முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: வணக்கம் அண்ணை. நாங்கள் கனடாவில, டொராண்டோ ஸ்காபரோவில இருக்கிறம். 1980களில கட்டின வீடு, கேஸ் எரிச்சு வீட்டைச் சூடாக்கிற ஃபர்னஸ். வருசத்துக்கு 2,300 கியூபிக் மீட்டர் கேஸ் முடியுது, எல்லாம் சேர்த்துப் பார்த்தா ஒரு கியூபிக் மீட்டருக்கு 40 சதம் மட்டில வருது. கரண்டுக்கு யூனிட்டுக்கு 14 சதம் மட்டில. ஒரு கலியாண வீட்டில சந்திச்ச தம்பி ஒராள் சொன்னார், நிலத்துக்குள்ள குழாய் இறக்கினா பூமியின்ர சூட்டிலயே வீடு சூடாகும், கேஸ் பில்லே வராது எண்டு. விசாரிச்சா 45,000 டொலர் கேக்கினம். செய்யலாமோ?
(வாசகி, ஸ்காபரோ)

பதில்: அக்கா, முதல்ல அது என்னன்னு சொல்லிடறேன், ஏன்னா "பூமியின் சூடு"ன்னு சொன்னதும் எல்லாருக்கும் எரிமலை, வெந்நீர் ஊற்று ஞாபகம் வருது. ஐஸ்லாந்துல ரெய்க்யவிக் நகரத்துல வீடுகளைச் சூடாக்குறது அந்த மாதிரி நிஜமான வெந்நீர்தான், ஆனா உங்க வீட்டுக்கு அடியில இருக்கிறது அது இல்ல. ஊர்ல உங்க வீட்டுக் கிணத்தை நினைச்சுப் பாருங்க, மார்கழி விடியக்காலையில அள்ளினா தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், சித்திரை வெயில்ல அதே தண்ணி குளிர்ச்சியா இருக்கும். தண்ணி மாறவே இல்ல, வெளிக்காத்துதான் மாறுது. அதே மாதிரி டொராண்டோ பக்கம் சில மீட்டர் ஆழத்துக்குக் கீழ மண்ணு வருஷம் பூரா 8லிருந்து 10 டிகிரிக்குள்ள நிக்கும், மேல ஜனவரியில மைனஸ் 20 அடிச்சாலும் சரி.

அந்த 10 டிகிரியை வச்சு வீட்டை எப்படி 21 டிகிரிக்குக் கொண்டு வர்றதுன்னு கேப்பீங்க. உங்க ஃப்ரிட்ஜ் செய்யுற வேலைதான் இதுவும். உள்ள இருக்கிற சூட்டை உறிஞ்சி வெளிய தள்ளுது, அதனாலதான் கம்ப்ரஸர் இருக்கிற பக்கம் கை வச்சா சுடுது. ஹீட் பம்ப் மண்ணுல இருந்து சூட்டை எடுத்து வீட்டுக்குள்ள தள்ளுது, சூட்டை உண்டாக்கல, இடம் மாத்துது, அதனால 1 யூனிட் கரண்ட் செலவு பண்ணினா 3லிருந்து 4 யூனிட் வரைக்கும் சூடு கிடைக்குது. அந்தத் தம்பி சொன்னதுல இதுவரைக்கும் எல்லாம் உண்மை.

ஆனா கேஸ் பில் போற இடத்துல கரண்ட் பில் வரும்ல, அதை அவர் சொல்லல. நீங்களே பில்லைத் தெளிவா எழுதி அனுப்பிட்டதால கணக்கு சுலபம். 1 கியூபிக் மீட்டர் கேஸ்ல ஏறக்குறைய 10.5 யூனிட் சூடு இருக்கு, 95 சதவீதத் திறன் இருக்கிற ஃபர்னஸ்ல எரிச்சா 10 யூனிட் வீட்டுக்குள்ள வரும். 40 சதத்துக்கு 10 யூனிட்னா ஒரு யூனிட் சூட்டுக்கு 4 சதம். ஹீட் பம்ப்புல கரண்ட் 14 சதம், அதை 3.5ஆல வகுத்தா அங்கேயும் 4 சதம். ரெண்டும் சமம் அக்கா! 45,000 டாலர் போட்டு வருஷாந்திரச் சூட்டுச் செலவுல ஒண்ணுமே மிச்சமில்ல, அடுப்பு, சுடுதண்ணி டாங்க் ரெண்டையும் கரண்டுக்கு மாத்திட்டு கேஸ் கனெக்‌ஷனையே எடுத்தீங்கன்னா மாசா மாசம் கட்டுற ஃபிக்ஸட் சார்ஜ் மட்டும் மிச்சமாகும்.

2025 ஏப்ரல் 1ல இருந்து வீட்டுக் கேஸ் மேல இருந்த கார்பன் வரியைக் கனடா அரசு எடுத்திடுச்சு. அதனால அதுக்கு முந்தி அச்சடிச்ச நோட்டீஸ்ல "இவ்வளவு மிச்சமாகும்"னு போட்டிருக்கிற எந்த எண்ணையும் நம்பாதீங்க, உங்க கையில இருக்கிற கடைசி 12 மாச பில்லை மட்டும் நம்புங்க.

புகையைக் குறைக்கணும், பிள்ளைங்க காலத்துக்கு நல்லதுன்னு நினைச்சுச் செய்யுறீங்கன்னா நான் மனசாரக் கும்பிடுவேன், உங்க ஒன்டாரியோ மாகாணத்துக் கரண்ட்ல பாதிக்குக் கிட்ட அணுமின்சாரம், நீர்மின்சாரமும் கணிசமா இருக்கு, அதனால கேஸ் எரிக்கிறதை விட இது நிச்சயம் சுத்தம். பணம் மிச்சமாகணும்னு மட்டும்னா இப்போ வேண்டாம். அதுக்குப் பதிலா வீட்டை ஒரு எனர்ஜி அட்வைஸரைக் கூப்பிட்டு ப்ளோயர் டோர் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, வாசல்ல பெரிய ஃபேனை மாட்டி வீட்டுக் காத்தை இழுத்து எங்கெங்க கசியுதுன்னு பார்ப்பாங்க. 1980கள்ல கட்டின வீட்டு அட்டிக்ல இன்சுலேஷன் இப்போ சொல்ற ஆர் 60க்கு (இன்சுலேஷன் சூட்டை எவ்வளவு தடுக்குதுங்கிற அளவு) ரொம்பக் கீழதான் இருக்கும். ஏசி பழசாகி மாத்துற நேரம் வந்தா வெறும் ஏசி வாங்காம, குளிர்ப்பிரதேசத்துக்குன்னு வர்ற காத்து ஹீட் பம்ப் (மண்ணுக்குப் பதிலா வெளிக்காத்துல இருந்து சூட்டை எடுக்கிறது) வாங்குங்க, கோடையில ஏசியாவும் ஓடும், அக்டோபர், ஏப்ரல் மாதிரி மிதமான குளிர்ல வீட்டையும் சூடாக்கும், கடுங்குளிருக்கு இருக்கிற ஃபர்னஸ் இருக்கட்டும்.

கேள்வி: சார், நாங்க ஒன்டாரியோவுல பீட்டர்பரோ பக்கத்துல ஒரு கிராமத்துல வீடு வாங்கியிருக்கோம். கேஸ் லைன் கிடையாது, எல்லா ரூம்லயும் சுவர் ஓரமா மாட்டுற கரண்ட் ஹீட்டர், பேஸ்போர்டு ஹீட்டர்தான். ஹீட்டிங்குக்கு மட்டும் வருஷம் 18,000 யூனிட் ஓடுது. மானியம் எல்லாம் கழிச்சு ஜியோதெர்மலுக்கு 28,000 டாலர், காத்து ஹீட் பம்ப்புக்கு 8,500 டாலர்னு கொட்டேஷன் வந்திருக்கு. எது நல்லது?
(வாசகர், பீட்டர்பரோ)

பதில்: நீங்கதான் சார் இதுக்குச் சரியான ஆள். பேஸ்போர்டுல 1 யூனிட் கரண்டுக்கு 1 யூனிட் சூடுதான், அதுக்கு மேல ஒரு துளி கிடையாது. 14 சதம்னு வச்சா 18,000 யூனிட்டுக்கு 2,520 டாலர். ஜியோதெர்மல் போட்டா 3.5 மடங்குன்னு வச்சு 5,140 யூனிட் சுமார், 720 டாலர்தான் வரும், வருஷத்துக்கு 1,800 மிச்சம். காத்து ஹீட் பம்ப் கடுங்குளிர்ல திணறும், அதனால சீசன் முழுக்கச் சராசரியா 2.5 மடங்குன்னு வச்சுக்கலாம், 7,200 யூனிட், 1,008 டாலர், மிச்சம் 1,512. அப்ப 28,000 திரும்ப வர 15 வருஷத்துக்கு மேல, 8,500 திரும்ப வர 6 வருஷம் கூட ஆகாது. ரெண்டுக்கும் நடுவுல வருஷத்துக்கு 288 டாலர்தான் வித்தியாசம், அதுக்காக 19,500 கூடுதலாப் போடுறது எனக்கு மனசு ஒப்பல.

ஆனா ஒரு விஷயம் கேக்கணும், நிலம் எவ்வளவு இருக்கு? கிராமம்னு சொல்றீங்க. கொட்டேஷன்ல செங்குத்தா துளை போடுறதுக்கு விலை சொல்லியிருந்தா அதுதான் காசைத் தின்னுது, ஒரு டன்னுக்கு (ஏசிக்குச் சொல்ற அதே டன், மெஷினோட திறன்) 150லிருந்து 200 அடி வரைக்கும் துளை வேணும், 3 டன் வீட்டுக்கு 450, 600 அடின்னு போயிடும், நம்ம ஊர்ல போர் போடுற மாதிரி லாரி வந்து நிக்கணும். நிலம் தாராளமா இருந்தா ஆறடி ஆழத்துல வாய்க்கால் மாதிரி வெட்டி, பிளாஸ்டிக் குழாயைப் படுக்க வச்சு மூடிடலாம், துளையை விட நல்லாவே குறையும், அந்த விலையைக் கேட்டு வாங்கிட்டு மறுபடி இதே கணக்கைப் போடுங்க. இன்னொண்ணு, மண்ணுக்குள்ள போற குழாய் 50 வருஷம் தாங்கும், வீட்டுக்குள்ள இருக்கிற மெஷின் 20 வருஷம் தாண்டும், காத்து ஹீட் பம்ப் பனியிலயும் மழையிலயும் வெளிய நிக்கிறதால 15 வருஷம்னு வச்சுக்கலாம். அதே வீட்ல கடைசி வரைக்கும் இருக்கப் போறோம்னா அதையும் சேர்த்துப் பாருங்க.

எதைப் போட்டாலும் சரி, முதல்ல கசிவை அடைங்க. இன்சுலேஷன் சரி பண்ணி 3 டன் தேவை 2 டன்னா குறைஞ்சா துளையிலயே 150, 200 அடி போயிடுது, மெஷினும் சின்னதாகுது. இதை முதல்ல சொல்ற விற்பனையாளர் ரொம்பக் குறைவு, ஏன்னா அவங்களுக்குப் பெரிய மெஷின் விக்கணும். சிஎஸ்ஏ எஃப்280ங்கிற கனடாத் தர முறையில உங்க வீட்டுக்குன்னே ஹீட் லாஸ் கணக்கு, அதாவது வீட்ல இருந்து எவ்வளவு சூடு வெளிய போகுதுங்கிற கணக்கு, போட்டுக் கொடுங்கன்னு எழுத்துல கேளுங்க, சதுர அடியைப் பெருக்கி டன் சொல்றவரா இருந்தா டீ கொடுத்து அனுப்பிடுங்க. ஒன்டாரியோவுல 5 மீட்டருக்கு மேல செங்குத்தா துளை போட 2012லிருந்து சுற்றுச்சூழல் அனுமதி வேணும், அது அவங்ககிட்ட இருக்கான்னும் பாருங்க.

கேள்வி: மேடவாக்கத்துல இருக்கோம். ரெண்டு மாசத்துக்கு 600 யூனிட் வருது, பில்லைப் பார்த்தாலே பகீர்னு இருக்கு. வெளிநாட்ல மண்ணுக்குள்ள குழாய் விட்டு ஏசி ஓட்டுறாங்களாமே, இங்க பண்ணலாமா?
(வாசகி, சென்னை)

பதில்: வேண்டாம்மா. கிணத்துத் தண்ணி கணக்கே இங்கேயும், சென்னையில மண்ணு வருஷம் பூரா 28, 29 டிகிரி. வெளிக்காத்து 36ன்னா மண்ணுக்குள்ள சூட்டைத் தள்ளுறது கொஞ்சம் சுலபம், அவ்வளவுதான். கனடாவுல கோடையில தள்ளின சூட்டைக் குளிர்காலத்துல திரும்ப எடுத்துக்கிறாங்க, நமக்குக் குளிர்காலமே கிடையாது, வருஷம் பூரா சூட்டை உள்ள தள்ளிக்கிட்டே இருந்தா குழாயைச் சுத்தி மண்ணே சூடேறிப் போயிடும்.

உங்க பிரச்சனை 500ங்கிற கோடு. தமிழ்நாட்டுல ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினா, தாண்டின யூனிட்டுக்கு மட்டும் இல்ல, கீழ இருக்கிற யூனிட்டுக்கும் ரேட் ஏறுது, முதல் 100 இலவசம் மட்டும் அப்படியே இருக்கும். அதனால 600ஐ 500க்குக் கீழ இறக்கிட்டாலே பெரிய நிம்மதி. வீட்ல எத்தனை ஃபேன்? பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசின்னு வர்ற புது வகை ஃபேன் 30 வாட். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினா 60 நாள்ல ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம், 4 ஃபேன் மாத்தினா 160. 600 அங்கேயே 440 ஆயிடுச்சு பாருங்க, சுவத்துல ஒரு துளை கூடப் போடல.

சொந்த மொட்டை மாடி இருந்தா அடுத்தது சோலார். 2024ல வந்த மத்திய அரசோட பிஎம் சூர்ய கர் திட்டத்துல முதல் 2 கிலோவாட்டுல ஒவ்வொண்ணுக்கும் 30,000 ரூபாய், மூணாவதுக்கு 18,000, ஆக 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம். 1 கிலோவாட் ஒரு நாளைக்குச் சுமாரா 4 யூனிட் கொடுக்கும், 3 கிலோவாட்னா ரெண்டு மாசத்துக்கு 720 யூனிட், 300 சதுர அடி நிழல் விழாத இடம் வேணும். தண்ணி டாங்க் நிழல், பக்கத்து வீட்டு மாடி நிழல் எல்லாம் காலை 9 மணிக்கும் சாயங்காலம் 4 மணிக்கும் போய் நீங்களே நின்னு பாருங்க, கம்பெனிக்காரங்க மத்தியானம் 12 மணிக்கு எடுத்த போட்டோவைக் காட்டினா ஒத்துக்காதீங்க.

கேள்வி: ஊட்டியில சின்னதா ஹோம்ஸ்டே நடத்துறேன், கீசர் கரண்டே பாதி பில். சோலார் ஹீட்டர் மழைக்காலத்துல சரியா வேலை செய்யல. வேற வழி?
(வாசகர், ஊட்டி)

பதில்: ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர்னு கேளுங்க, மண்ணைத் தோண்ட வேண்டியதே இல்ல, காத்துல இருக்கிற சூட்டை எடுத்துத் தண்ணிக்குக் கொடுக்கும், ஹோட்டல்ல ஆஸ்பத்திரியில எல்லாம் வைக்கிறாங்க. 200 லிட்டர் தண்ணியை 16 டிகிரியில இருந்து 46க்கு ஏத்த கீசருக்கு 7 யூனிட் வேணும், இதுக்கு 3 மடங்குன்னு வச்சா 2.3 யூனிட் போதும். ஊட்டிக் குளிர்ல கொஞ்சம் மெதுவாத்தான் சுடும், அதனால விருந்தாளி குளிக்கிற நேரத்துக்குப் போடுறதுன்னு இல்லாம பெரிய டாங்கா வாங்கி மத்தியானமே ஓட விட்டுடுங்க. இருக்கிற சோலார் ஹீட்டரைக் கழட்டாதீங்க, அதுல வெதுவெதுன்னு வர்ற தண்ணியை இதுக்குள்ள விட்டா இன்னும் மிச்சம்.

கேள்வி: தம்பி, எங்கட அம்மா தனிய இருக்கிறா, ஒன்டாரியோவில மார்க்கம் நகரில. வாசலுக்கு வந்த ஒராள் "அரசாங்கத் திட்டம், ஹீட் பம்ப் ஃப்ரீ" எண்டு சொல்லி டாப்ளெட்டில கையெழுத்து வாங்கிப்போட்டார். பார்த்தா 10 வருச வாடகை, மாதம் 180 டொலர். அம்மா அழுதுகொண்டு இருக்கிறா.
(வாசகர், மார்க்கம்)

பதில்: அண்ணா, அம்மாகிட்ட முதல்ல சொல்லுங்க, அவங்க ஏமாளி இல்ல, இந்த ஆட்கள் இதையே தொழிலா வச்சிருக்காங்க. ஒன்டாரியோவுல 2018 மார்ச் 1ல இருந்து ஃபர்னஸ், ஏசி, வாட்டர் ஹீட்டர் மாதிரி சாமான்களைக் கூப்பிடாம வாசல்ல வந்து விக்கிறதே சட்டப்படி தடை. அம்மா கூப்பிடாம அவரா வந்திருந்தா அந்த ஒப்பந்தம் நிக்காதுன்னு சொல்லி எழுத்துல, ஈமெயில்ல, தேதியோட ரத்து லெட்டர் அனுப்புங்க, மாகாணத்தோட நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் புகார் கொடுங்க. இப்படிப்பட்ட வாடகையை வச்சு வீட்டுப் பத்திரத்து மேல நோட்டீஸ் பதியுற பழக்கம் இருந்துச்சு, வீட்டை விக்கப் போறப்பதான் பிள்ளைங்களுக்கே தெரியவரும், அதை நீக்கப் பல்லாயிரம் டாலர் கேப்பாங்க, அதையும் 2024 ஜூன்ல தடை பண்ணிட்டாங்க. இருந்தாலும் அம்மா வீட்டுப் பதிவை ஒரு வக்கீல் மூலமா எடுத்துப் பார்த்துடுங்க.

மாசம் 180, 10 வருஷம்னா 21,600 டாலர். மேல பீட்டர்பரோ வாசகர் சொன்ன விலையைப் பாருங்க, 8,500க்குச் சொந்தமா வாங்கலாம். மெஷினை இன்னும் மாட்டலைன்னா மாட்ட விடாதீங்க, அம்மா கதவைத் திறக்காம உங்களுக்கு போன் பண்ணட்டும். லெட்டர் எழுதத் தெரியலைன்னா ஒப்பந்தத்தோட போட்டோவை அனுப்புங்க, நானே எழுதித் தர்றேன்.