ஆனிக் காற்று வீட்டுக்குள் வரும் வழி

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, பாளையங்கோட்டையில் மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, அடுக்களை, மேலே தட்டட்டி. பள்ளிக்கூடம் திறந்து பிள்ளைகள் கிளம்பிப் போன பிறகு பார்த்தால், லீவு முழுக்க ஆள் வந்து போன சத்திரம் மாதிரி கிடக்கிறது வீடு. கோடை முடிந்ததே, கொஞ்சம் புதுசாக்குவோம் என்று தினமும் போனில் படம் பார்க்கிறேன். எல்லாம் வெள்ளை, சாம்பல், மெழுகுவத்தி, கம்பளி. 400 படத்துக்கு மேல் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒன்றுகூட என் வீட்டில் நடக்கவில்லை. ஆசைப்பட்டு வாங்கின வெள்ளைத் திரைச்சீலை ஒரே வாரத்தில் பழுப்பாகிவிட்டது. உடுத்துவதிலும் இதே கதைதான். பீரோ நிறையச் சேலை இருக்கிறது, மார்க்கெட்டுக்குப் போவது நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு. மாசம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் இதற்கு ஒதுக்க முடியாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது ஓனர் உத்தரவு. யோசனையை எங்கிருந்துதான் எடுப்பது? டீப்பாய் மேல் இருக்கும் பிளாஸ்டிக் பூங்கொத்தை என்ன செய்ய?

(பெயர் வேண்டாம், வயது 36)

பதில்: 400 படம் என்று படித்ததும் சிரித்துவிட்டேன் தங்கச்சி. என் போனில் அதைவிடக் கூடுதலாகக் கிடக்கும். போன வருஷம் அப்படி ஒரு படத்தைப் பார்த்துத்தான் வெள்ளைச் சணல் விரிப்பு ஒன்றை ஹாலில் போட்டேன். ஆடி பிறப்பதற்குள் அது தேரிக்காட்டுச் செம்மணல் நிறத்துக்கு வந்துவிட்டது. மூன்று தடவை உதறி, ஒரு தடவை அலசி, கடைசியில் தட்டட்டியில் வற்றல் காயப்போடும்போது அடியில் விரிக்க எடுத்துக்கொண்டேன். அந்த வேலைக்கு அருமையான விரிப்பு.

படத்தில் தப்பில்லை. ஊர்தான் வேறு. நீங்கள் பார்க்கிற வீடுகளில் கோடை முடிவது செப்டம்பரில். லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரம் இருக்கும். டிசம்பரில் எட்டு மணி நேரம்கூடத் தேறாது, சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும். அப்படி வெளிச்சம் சுருங்குகிற ஊரில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள், தரைக்குக் கம்பளம் போடுவார்கள், கிடைக்கிற கொஞ்ச வெளிச்சமும் வீணாகாமல் இருக்கச் சுவரை வெள்ளையாக வைப்பார்கள். அவர்களுக்கு அது அலங்காரம் மட்டுமில்லை, பிழைப்பும்கூட. நமக்கு வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். நம்மூரில் கோடை முடிந்தால் வருவது காற்று.

ஜூன் பிறந்து மலையாளக் கரையில் மழை இறங்கியதும், செங்கோட்டைக் கணவாய் வழியாக அந்தக் காற்று நம் பக்கம் நுழைகிறது. குற்றாலத்துக்குச் சாரல் கிடைக்கும், தென்காசிக்குத் தூறல் கிடைக்கும். பாளையங்கோட்டைக்கு வந்து சேரும்போது ஈரத்தையெல்லாம் மலையிலேயே இறக்கி வைத்துவிட்டு மேகமும் புழுதியுமாகத்தான் வரும். நல்ல மழைக்கு நாம் ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும். கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகளைச் சுற்ற வைப்பது இந்தக் காற்றுதான். உங்கள் திரைச்சீலையைப் பழுப்பாக்கியதும் இதுவேதான்.

அதனால் இந்த மாதம் ஒன்றும் வாங்காதீர்கள். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு காலை பதினொரு மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு தடவை வீட்டைச் சுற்றி வாருங்கள். புகை எந்த ஜன்னலிலிருந்து உள்ளே சாய்கிறது, எந்த மூலையில் சும்மா நிற்கிறது என்று பாருங்கள். புழுதி அந்தப் புகை போகிற வழியில்தான் போகும். அந்த வழியில் வெள்ளைத் துணி, திறந்த புத்தக அலமாரி, கண்ணாடிச் சாமான் எதுவும் இருக்கக் கூடாது. புகை அசையாமல் நிற்கிற மூலைதான் நீங்கள் ஆசைப்பட்டு எதையாவது வைக்க வேண்டிய இடம். என் வீட்டில் அப்படி ஒரு மூலை பீரோவுக்கும் கதவுக்கும் நடுவில் இருந்தது. பதினைந்து வருஷமாகத் துடைப்பத்தைச் சாத்தி வைத்திருந்தேன்.

காற்று வருகிற ஜன்னலுக்கு அடர்த்தியான நூல் துணி, அரக்கோ காவியோ இலைப்பச்சையோ, புழுதி படிந்தால் தெரியாத நிறம். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஆச்சி வீட்டுத் தார்சாவில் மேற்கே பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு. வைகாசி கடைசியில் ஆச்சி ஒரு பழைய நூல் சேலையை இரண்டாக மடித்து அதற்குத் திரை தைப்பாள். கீழ் மடிப்பில் சாணுக்கு ஒன்றாகப் புளியங்கொட்டையை வைத்து, ஒவ்வொன்றின் இரு பக்கமும் நூலால் கட்டுப்போடுவாள், கொட்டை நகராமல் இருக்க. காற்று வேகம் பிடிக்கும்போது திரை உள்ளே உப்பி, திரும்பப் போகும்போது கொட்டைகள் வரிசையாகச் சுவரில் தட்டும். டொக், டொக், டொக் என்று. மத்தியானம் அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் தூங்குவோம். உங்கள் பீரோவில் உடுத்தாத நூல் சேலை ஒன்றாவது இருக்கும். புளியங்கொட்டை அடுக்களையில் இருக்கும். துவைக்கப் போடும்போது மட்டும் மடிப்பைப் பிரித்து எடுத்துவிடுங்கள். ஊறினால் தோல் கறையை விடும். ஒரே ஒரு தடவை மறந்தேன், கறை இன்னும் போகவில்லை.

அடுத்து வெளிச்சம். சித்திரை பிறக்கிறதையொட்டி உச்சி வெயில் நம் தலைக்கு நேரே நிற்கும். அதற்குப் பிறகு ஆவணி பாதி வரைக்கும் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நகர்ந்துவிடும். அதாவது இப்போது வெயில் விழுவது வடக்கு ஜன்னலில். தெற்கு ஜன்னல் நிழலாகக் கிடக்கும். ஆவணிக்குப் பிறகு அப்படியே மாறும். நாற்காலி, துணி தைக்கிற இடம், பிள்ளைகள் எழுதுகிற மேசை இதையெல்லாம் இப்போது தெற்கே தள்ளுங்கள். சாயம் போட்ட துணி எதையும் வடக்கு ஜன்னல் பக்கம் விரிக்காதீர்கள், வெளுத்துவிடும். ஆவணி பாதிக்குமேல் எல்லாவற்றையும் இடம் மாற்றிப் போடுங்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை வீடு புதுசாகத் தெரியும், காலணா செலவில்லை.

இனி அந்த ஆயிரம் ரூபாய். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, சேரன்மகாதேவி வழியாகப் போகிற பாபநாசம் பஸ்ஸில் ஏறுங்கள், ஜன்னலோரம் பார்த்து உட்காருங்கள். அணை திறந்து கார் பருவ நெல் நடவு முடிந்திருந்தால், நாற்றுப் பச்சை என்று நாம் சொல்கிற நிறத்தின் அசல் அந்த வழியில் இருக்கிறது. போனில் அது வராது. பத்தமடையில் பாய், அதைத் தாண்டிச் சேரன்மகாதேவி, பிறகு காருகுறிச்சியில் மண்பாண்டம், வீரவநல்லூரில் செடிபுட்டாச் சேலை. ஒரே சாலையில், ஒன்றன்பின் ஒன்றாக. ஒன்றிரண்டு ஊரில் மட்டும் இறங்குங்கள். பிள்ளைகளோடு எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் சண்டையில்தான் முடியும்.

பத்தமடையில் பட்டுப்பாயைக் காட்டுவார்கள். கோரையை முடி மாதிரிக் கீறி, பருத்தி நூல் பாவில் நெய்தது. துணியைப் போல மடித்துப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். தொட்டுப் பாருங்கள், விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள், வாங்க வேண்டாம். ஒரு பாய்க்கு எத்தனை நாள் பிடிக்கிறது என்று நெய்கிறவர்களிடம் கேட்டுவிட்டால் பேரம் பேச வாய் வராது. உங்கள் பட்ஜெட்டுக்குச் சாதாரணக் கோரைப்பாய் போதும், ஓரத்துக்குத் துணி வைத்துத் தைத்ததாகப் பார்த்து எடுங்கள். வெறும் ஓரம் என்றால் ஆறு மாதத்தில் பிரிய ஆரம்பிக்கும். சோபாவுக்குக் கீழே போடுவதைவிட, புகை நிற்காமல் போகிற இடத்தில் தரையில் விரித்துச் சாயங்காலம் எல்லோரும் உட்காருங்கள். புழுதியைத் தட்டினால் போகும், பிழிந்த துணியால் துடைத்தாலும் போகும். சாயப்பாய் என்றால் நிழலில் காயப்போட வேண்டும். வேலை முடிந்ததும் சுருட்டித்தான் வைக்க வேண்டும், மடித்தால் ஒடியும்.

காருகுறிச்சிக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை. கோடைக்குத் தண்ணீர் ஊற்றி வைத்த மண்பானை வீட்டிலேயே இருக்குமே. ஆனியில் பிள்ளைகளுக்கு இருமல் வரும், பானைத் தண்ணீரை நிறுத்திவிடுவோம், பானை அடுத்த பங்குனி வரை சிங்க் அடியில் கிடக்கும். அதை ஒரு ராத்திரி தண்ணீரில் முழுக்க ஊறப்போடுங்கள். காலையில் ஈரச் சாக்கின் மேல் நிமிர்த்தி வைத்து, உள்ளே கைவிட்டு, பழைய ஆணி ஒன்றை அடியில் நிறுத்தி, அம்மிக் குழவியால் இல்லை, சின்னக் கல்லால் தட்டுங்கள். அவசரப்படாமல் தட்டினால் காசளவுக்கு ஓட்டை விழும். காய்ந்த பானையில் தட்டினால் பிளந்துவிடும். அதில் கற்பூரவல்லி வையுங்கள். தடித்த இலை, ஆடிக் காற்றுக்கு அசராது, இருமலுக்கும் ஆகும். வெற்றிலைக் கொடியைக் காற்றில் வைத்துவிட்டு இலை கருகுகிறதே என்று எனக்கு எழுத வேண்டாம், அது நிழலும் ஈரமும் கேட்கிற பிள்ளை.

ஓனர் ஆணி அடிக்க விடவில்லை என்றீர்கள். ஒருவிதத்தில் நல்லதுதான். ஜன்னல் கம்பி உங்களுடையது. மணப்பாட்டில் பனையோலையில் சின்னச் சின்னப் பெட்டிகள் முடைகிறார்கள் (1986இல் பிரித்ததில் அந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்துக்குப் போய்விட்டது, எனக்கு அதுவும் நெல்லைச் சீமைதான்). அப்படி ஒரு பெட்டியைக் கம்பியில் தொங்கவிட்டால் சீப்பு, வண்டிச் சாவி, கரண்ட் பில் எல்லாம் அதில் போய்விடும். டீப்பாய் தானாகக் காலியாகும். ஆனால் சுளவைச் சுவரில் மாட்டி அதில் கோலம் வரைகிறார்களே, அது எனக்கு ஒத்துவராது. அரிசி புடைக்கச் செய்த சாமான், அடுக்களையில் அதற்கு இன்னும் வேலை இருக்கிறது.

உடுப்புக்கு வருவோம். நைட்டி மேல் துண்டு போட்டால் குற்றமில்லை, நானும் போட்டிருக்கிறேன். ஆனால் பீரோ நிறையச் சேலை இருந்தும் எடுக்க மனசு வராததற்குக் காரணம் பெரும்பாலும் ரவிக்கை. ஒவ்வொரு சேலைக்கும் அதனதன் ரவிக்கை, அதில் பாதி இறுக்கமாகிவிட்டது, சரிதானே? அரக்கில் ஒன்று, மயில் கழுத்தில் ஒன்று, இரண்டே இரண்டு வெறும் பருத்தி ரவிக்கை இப்போதைய அளவுக்குத் தைத்துக்கொள்ளுங்கள். பத்துச் சேலையாவது உயிர் பெறும். நிறம் எதோடு எது சேரும் என்று படிக்க பாளை மார்க்கெட்டைவிட நல்ல இடம் கிடையாது. காலை ஏழு மணிக்குக் கீரை விற்கிற அம்மாவைக் கவனியுங்கள். வெளுத்த இலைப்பச்சைச் சேலை, அரக்கு ரவிக்கை, முகத்தில் மஞ்சள், முன்னால் தண்டங்கீரைக் கட்டு. அவர்கள் யோசித்து உடுத்தியதாகத் தெரியவில்லை, ஆனாலும் ஒரு நிறம்கூட இன்னொன்றோடு சண்டை போடாது. போனில் படம் எடுக்க வேண்டாம், அது மரியாதையில்லை. வீட்டுக்கு வந்து பிள்ளைகளின் போன வருஷ நோட்டில் மிச்சமிருக்கிற பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ஆனி, ஆடிக்கு ஜார்ஜெட் வகையைத் தொடாதீர்கள். வண்டியில் போகும்போது முந்தானை பின்சக்கரத்தைத் தேடும். நூல் சேலைக்கும் கஞ்சியைக் குறைத்துப் போடுங்கள், மொடமொடப்பாக இருந்தால் காற்று உள்ளே புகுந்து குடையாக்கிவிடும். புதுச் சேலைதான் வேண்டும் என்றால், மூன்று மாதம் சேர்த்து வைத்து ஒரு செடிபுட்டா எடுங்கள். உடல் முழுக்கச் சின்னப் பூஞ்செடிகள், இலேசான சேலை, மார்க்கெட்டுக்கும் ஆகும், கல்யாண வீட்டுக்கும் ஆகும். ஆடித் தள்ளுபடியில் மட்டும் சேலை பார்க்காதீர்கள். அந்தக் கூட்டத்தில் யாருக்கும் நிறம் தெரியாது, சதவீதம்தான் தெரியும். படுக்கை விரிப்பும் உள்பாவாடையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

அந்தப் பிளாஸ்டிக் பூங்கொத்தை ஒரு வாளி சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்தால் முதலில் வாங்கிய நிறம் என்ன என்று தெரியும். பிடித்திருந்தால் ஊதுபத்திப் புகை நிற்கிற மூலையில் வையுங்கள். பிடிக்கவில்லை என்றால், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவுக்குக் கட்டாயம் கேட்பார்கள். அன்பளிப்பாக எனக்கு அனுப்பிவிட வேண்டாம், என்னிடம் ஏற்கெனவே இரண்டு இருக்கிறது.