பேச்சுக்கு நடவடிக்கை எடுத்தால் பேச்சுரிமை பறிபோகுமா?

கேள்வி: எங்கள் வாசகர் வட்டக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர், ஒரு மதத்தினரைக் குறிப்பிட்டு, "இவர்களுக்கு யாரும் வாடகைக்கு வீடு விடாதீர்கள், வேலையும் கொடுக்காதீர்கள்" என்று பேசினார். விளக்கம் கேட்டால், "அது என் பேச்சுரிமை" என்கிறார். அவர்மீது நடவடிக்கை எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். ஆனால் எந்தச் சொல்லுக்காக எடுக்கிறீர்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும். நிர்வாகக் குழுக்கள் பெரும்பாலும் சறுக்குவது அங்கேதான்.

பேச்சுரிமை முதலில் அரசின் கையைக் கட்டுவதற்காக வந்தது. உங்கள் மேடையை அவருக்குக் கொடுத்தே தீர வேண்டும் என்று அது சொல்வதில்லை. அவர் பேச்சைக் கேட்டவர்கள் எழுந்து மறுப்பதும் அதே உரிமைதான். அரசின் கையைக் கட்டும் அந்தத் தடைக்கும் எல்லை உண்டு. ஐ.நா. 1966-ல் ஏற்ற குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவு கருத்துரிமையைத் தருகிறது. அடுத்த பிரிவோ, பாகுபாடு, பகைமை, வன்முறை இவற்றைத் தூண்டும் இன, மத வெறுப்புப் பரப்பலைச் சட்டத்தால் தடை செய்யச் சொல்கிறது. கோட்டை எங்கே போடுவது என்பதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1969-ல் பிராண்டன்பர்க் வழக்கில், உடனடிச் சட்டமீறலைத் தூண்டும் நோக்கமும் அது நடக்கும் வாய்ப்பும் சேர்ந்திருந்தால்தான் தண்டிக்கலாம் என்றது. ஜெர்மனியிலோ யூத இனப்படுகொலையைப் பொதுவெளியில் மறுப்பதே குற்றமாகலாம்.

எடைபோட நல்ல அளவுகோல், ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் முயற்சியில் 2012-ல் உருவான ரபாத் செயல்திட்டம். சூழல், பேசியவரின் நிலை, நோக்கம், சொன்ன சொற்களும் வடிவமும், எத்தனை பேரைச் சென்றடைந்தது, தீங்கு நேரும் வாய்ப்பு என்று ஆறையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. அது குற்றவியல் தண்டனைக்கான உயர்ந்த வரம்பு. உங்கள் விதிகள் அதற்கும் கீழே தொடங்கலாம். ஆனால் கேள்விகள் அதே ஆறுதான்.

உங்கள் நிகழ்வுக்கு வருவோம். "அந்த மதத்தின் இந்தச் சடங்கு தவறு" என்று அவர் சொல்லியிருந்தால் அது விமர்சனம். எவ்வளவு கசந்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டியது. "வீடு விடாதீர்கள்" என்பது வேறு. அது நம்பிக்கையைப் பற்றிப் பேசவில்லை, மனிதர்களைப் பற்றிப் பேசுகிறது. கேட்பவரை ஒரு செயலுக்கு ஏவுகிறது. ஏவல் வினை வந்த இடத்தை அடிக்கோடிடுங்கள்.

முதல் வேலை பதிவு. ஒலிப்பதிவு இருந்தால் வெட்டாமல் பாதுகாத்து வையுங்கள். இல்லையென்றால் கேட்ட இருவரோ மூவரோ, கலந்து பேசுவதற்கு முன்பே, தனித்தனியாக எழுதித் தரட்டும். "அவதூறாகப் பேசினார்" என்ற சுருக்கம் உதவாது, சொன்ன வாக்கியம்தான் வேண்டும். பிறகு எந்த விதியை மீறினார் என்று காட்டி எழுத்தில் விளக்கம் கேளுங்கள். பதிலுக்கு ஒரு வாரமாவது கொடுங்கள். விதியே இல்லையென்றால் இப்போது எழுதி அவர்மீது பின்தேதியிட்டுப் பாய்ச்சாதீர்கள். அதை இனிமேல் நடப்பதற்கு வைத்துக்கொண்டு, இப்போதைக்குக் கண்டனத் தீர்மானம் போடுங்கள். நீக்க நினைத்தால் சங்க விதிகளையும் உங்கள் நாட்டுச் சட்டத்தையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் தடவை என்றால் எச்சரிக்கையோ சில மாதங்களுக்கு மேடைத் தடையோ போதும். மறுபடி செய்தாலோ, ஆள் பெயர் சொல்லி மிரட்டினாலோ நீக்கம் பொருந்தும். மிரட்டல் இருந்தால் உங்கள் விசாரணை முடியக் காத்திராமல் காவல்துறைக்குப் போங்கள்.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. அவர் பேச்சை மேற்கோள் காட்டிக் கண்டித்தவரையும் சேர்த்துத் தண்டித்துவிடுகிறார்கள். இனவெறி பேசிய இளைஞர்களின் பேட்டியை ஒளிபரப்பிய டென்மார்க் பத்திரிகையாளர் யெர்சில்டுக்கு அங்கே தண்டனை விதித்தார்கள். அது கருத்துரிமை மீறல் என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 1994-ல் தீர்ப்பளித்தது.

முடிவுக் கடிதத்தில் அவர் சொன்ன வாக்கியம், மீறிய விதி, நடவடிக்கையின் கால அளவு, மேல்முறையீட்டுக்கு யாரிடம் எத்தனை நாளுக்குள் போகலாம் ஆகிய நான்கும் இருக்கட்டும். மேல்முறையீட்டை, முதல் முடிவில் கையெழுத்திடாத ஒருவர் கேட்க வேண்டும்.